மாசி வீதிக் கடைப் பலகைகள்: எங்கே நின்று படம் எடுப்பது?

நான்மாடக்கூடல்:

மதுரையில் கையால் எழுதிய கடைப் பலகைகள் எஞ்சியிருக்கும் இடங்களைத் தேடிக் கைப்பேசியில் படமெடுத்து வருகிறேன். பெரும்பாலும் கீழ மாசி வீதி, தெற்கு மாசி வீதி, அவற்றை ஒட்டிய சந்துகள். மளிகை மண்டி, பாத்திரக் கடை, பூட்டுச் சாவி செய்பவர், ஒரு பழைய அச்சகம். சில படங்களை இங்கே இணைத்திருக்கிறேன்.

நேரில் பார்க்கும்போது இந்த எழுத்துகளில் ஒரு மிடுக்கு இருக்கிறது. 'மண்டி' என்ற சொல்லில் 'ண்' போடும் சுழி தெருவையே அதட்டுகிறது. படத்தில் பார்த்தால், வங்கிக் கடனுக்குக் கடையைப் படமெடுத்து விண்ணப்பத்தில் ஒட்டியதுபோல் இருக்கிறது. முழுப் பலகையையும் எடுப்பதா, இரண்டு எழுத்தை மட்டும் நெருக்கி எடுப்பதா, தெருவையும் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

கேமராவோடு நேரடித் தொடர்பில்லாத இன்னொரு கேள்வி. இந்தப் பலகைகளுக்குப் பக்கத்திலேயே பளபளப்பான ஃப்ளெக்ஸ் பலகைகள் இருக்கின்றன. அளவில் பெரியவை, நிறத்தில் அழுத்தமானவை. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுவது மங்கிப்போன பழைய தகரப் போர்டுதான். ஏன்?

அரைநிழல்:

முதல் சிக்கல் நீங்கள் நிற்கும் இடம். பலகைக்கு நேர் கீழே நின்று கைப்பேசியை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். கைப்பேசியின் முதன்மை லென்ஸ், ஃபிலிம் கேமராக் கணக்கில், ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. வரை வரும். அகலமான பார்வை. அதைச் சாய்த்தால் பலகையின் இரு பக்கக் கோடுகளும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். பலர் லென்ஸைத் திட்டுகிறார்கள். லென்ஸ் பாவம், சாய்த்தது நம் கை.

எதிர்ச்சாரிக்குப் போங்கள். அங்கிருந்து இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள். தூரம் கூடினால் அண்ணாந்து பார்க்கும் கோணம் குறையும், கோடுகள் தாமாக நிமிரும். பிறகு மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மேல்பகுதியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் நிமிர்த்தும். மேல்வரி எழுத்துகளின் கூர்மை போய்விடும். எழுத்துக்காகவே படமெடுக்கும் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

இரண்டாவது, சிவப்பு. உங்கள் பாத்திரக் கடைப் படத்தில் பின்னணிச் சிவப்பு முழுவதும் ஒரே அப்பலாக இருக்கிறது. கேமரா மொத்த வெளிச்சத்தைப் பார்த்து அளவு வைக்கிறது. அதற்குள் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிடுகிறது. நிரம்பிய இடத்தில் தூரிகைத் தடம் மிஞ்சாது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள், பிறகு கொஞ்சம் இருட்டாக இறக்குங்கள். படம் முழுக்க மஞ்சள் பலகை வந்தால் நிறச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். மஞ்சள் அதிகம் என்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடும். 'வெயில்' என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

எல்லாம் சரி, பலகையை நட்டநடுவில் வைக்கிறீர்களே! மூன்றில் ஒரு பங்கு விதி என்று ஒன்று இருக்கிறது. கட்டக் கோடுகளைத் திரையில் போட்டுக்கொண்டு, கோடுகள் வெட்டும் இடத்தில் பலகையை வையுங்கள்.

அரைநிழல்:

அந்த விதியை 1797-இல் எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். நிலக்காட்சி ஓவியத்தில் வானத்துக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு என்பது அவருடைய கவலை. பூட்டுக் கடைப் பலகைக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார். பலகை சமச்சீராக எழுதப்பட்டிருந்தால் நடுவில் வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. கட்டக் கோடுகளை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பலகை கோணலாக இருக்கிறதா, கை கோணலாக இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

கட்டமும்கோடும்:

ஃப்ளெக்ஸ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கோவையில் டிசைனிங் வேலை பார்க்கிறேன், ஆகவே குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் நான்தான்.

முதலில் ஒன்று. பழைய பலகை எல்லாம் அழகு என்பது பாதி மயக்கம். மோசமாக எழுதியவற்றை எப்போதோ அழித்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்த நல்லவற்றை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலத்தையே நாம் புகழ்கிறோம். இன்றைக்கு அடிக்கும் ஃப்ளெக்ஸில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தொங்குகின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது, வேலை நடக்கும் விதம். வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்லச் செய்கிறோம். குலதெய்வம் இடப்பக்கம், அப்பா படம் வலப்பக்கம், நடுவில் கடைப் பெயர், கீழே கிடைக்கும் பொருள்கள் அத்தனையும், மூன்று செல் எண். தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் அதைவிடச் சிறிதாகவும் மற்ற மொழி அதற்கும் கீழாகவும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்ற அரசு விதியும் உண்டு. நல்ல விதிதான், எதைப் பெரிதாக வைப்பது என்ற முடிவில் ஒன்றையாவது நமக்காக எடுத்துவிடுகிறது. ஆனால் எட்டுக்கு நான்கு அடிக்குள் இத்தனையையும் அடைத்தால் எது கண்ணில் படும்?

மூன்றாவது காரணத்தை எங்கள் ஆட்களே ஒப்புக்கொள்வதில்லை. பெயர் நீளமாக இருந்தால் எழுத்தைக் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறோம். நசுக்கும்போது நெடுக்குக் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் அதே தடிமனில் நிற்கும். பிறகு எடுப்பாகத் தெரியவில்லை என்று வெள்ளையில் ஒரு விளிம்பு, அதைச் சுற்றிக் கறுப்பில் இன்னொரு விளிம்பு, அதற்கு ஒரு நிழல். 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் இந்த விளிம்புகளால் அடைபட்டுவிடும். தமிழ் எழுத்து உயிரோடு இருப்பது அந்த உள்வெளியில்தான். அதை அடைத்தால் தூரத்திலிருந்து வெறும் கட்டியாகத் தெரியும்.

மலைச்சாரல்:

நசுக்கல் பற்றிச் சொன்னது சரி. வரி இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குப் பழகிய இடைவெளியைத் தமிழுக்குக் கொடுத்தால் மேல்வரியின் 'கூ', 'ழு' வால்கள் கீழ்வரியின் 'கி', 'தீ' கொண்டைகளில் இடிக்கின்றன. எங்கள் ஊட்டியில் பாதி விடுதிப் பலகைகள் அப்படித்தான்.

பழைய தூரிகை:

விருதுநகர் மாவட்டத்தில் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகும் கொஞ்ச காலம் சுவர் விளம்பரம் எழுதினேன், இப்போது கண் ஒத்துழைப்பதில்லை. பேரன் இந்த இழையைக் காட்டினான். தட்டச்சு அவனுடையது.

கோவைத் தம்பி நேர்மையாகப் பேசுகிறார். எங்கள் காலத்திலும் கண்றாவியான பலகைகள் இருந்தன. சிலவற்றை நானே மேலெழுதி மறைத்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்லாத ஒன்று கூலிக் கணக்கு. எங்கள் பக்கம் பலரும் எழுத்துக் கணக்கில் கூலி வாங்கினோம். எழுத்துக்கு இவ்வளவு என்றால் கடைக்காரர் தாமாகவே சொல்லைக் குறைப்பார். 'இங்கு அனைத்து விதமான' என்று ஆரம்பித்தவர் காசைக் கேட்டதும் 'பாத்திரங்கள்' என்று நிறுத்திக்கொள்வார். ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. அங்கே சொல்லுக்கு விலை கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். பலகை நெரிசலானதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன்.

நசுக்குவது பற்றி. பெயர் நீளம் என்றால் நாங்களும் எழுத்தின் அகலத்தைக் குறைப்போம். ஆனால் கையில் இருப்பது அதே தூரிகை, ஆகவே நெடுக்கும் படுக்கையும் ஒரே தடிமனில் விழும். தகரத்தில் ப்ரைமர் அடித்து, மேலே எனாமல் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துத் தெறித்தால் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் சாக்பீஸில் மொத்த வரியையும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். இடம் போதவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும், அழித்து மறுபடி போடுவோம். துணி சுற்றிய குச்சியில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு பெயிண்டில் எழுதுவது பிறகுதான்.

இன்னொரு பழக்கம் உண்டு. முதல் எழுத்தை முடித்ததும் ஏணியை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்துபோய் நின்று பார்ப்போம். என் ஆசான் பஸ் நிற்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பார். அங்கிருந்து படிக்க முடிந்தால்தான் மேலே எழுதலாம். இப்போது பலகையை ஒரு முழத் தூரத்தில் திரையில் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தத் தூரத்தில் எதுவும் நன்றாகத்தான் தெரியும்.

மதுரைத் தம்பியை எதிர்ச்சாரிக்குப் போகச் சொன்னார்களே, அது ஆசான் நின்ற இடம். அங்கிருந்து எடுத்தால் மிடுக்கு வரும்.

நான்மாடக்கூடல்:

ஐயா, வணக்கம். இந்த விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். அச்சகப் பலகையில் 'லை' பழைய முறையில், தும்பிக்கை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைக் கொண்டுவந்தது. அப்படியானால் இந்தப் பலகை அதற்கு முந்தியது என்று படக்குறிப்பில் எழுதலாமா?

பழைய தூரிகை:

எழுதாதீர்கள். ஆணை வந்து பல வருடங்கள் கழித்தும் பழைய 'லை'யும் 'னை'யும் எழுதியிருக்கிறோம். பெரியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எங்களுக்கும் அதில் ஆதாயம் உண்டு. பழைய 'லை' ஓர் எழுத்தின் இடத்தில் அடங்கிவிடும். புதிய முறையில் முன்னால் இணைக்கொம்பு, பின்னால் 'ல' என்று ஏறத்தாழ இரண்டு எழுத்தின் இடம் பிடிக்கும். சின்னப் பலகையில் அது பெரிய வித்தியாசம்.

கட்டமும்கோடும்:

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. அந்த ஆணை மாற்றியவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், பிறகு ணை, லை, ளை, னை. அச்சுக் கோக்கவும் தட்டச்சுக்கும் வசதி, தனித்தனி வார்ப்புகள் தேவையில்லை. அகலம் கூடியது என்பதை எழுதியவர் ஒருவரிடமிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

காலம் கணிக்க வேண்டுமானால் எழுத்தைவிட எண்ணைப் பாருங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. அன்றுதான் அந்த முறையே வந்தது. 'மதுரை - 1' என்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, இன்றும் அப்படி எழுதுகிறார்கள். தொலைபேசி எண்ணில் ஐந்து இலக்கம் இருந்தால் நிச்சயம் பழையது. மதுரையில் தரைவழி எண்களுக்கு இப்போது ஏழு இலக்கம். பலகையின் ஓரத்தில் வேறு கையெழுத்தில் செல் எண்ணைச் செருகியிருப்பார்கள். அதையும் சேர்த்து எடுங்கள்.

வைகைக்கரை:

இதையெல்லாம் கறுப்பு வெள்ளையில் மாற்றினால் பழமை கூடுமே? நிறம் மங்கியதும் தெரியாது.

மலைச்சாரல்:

வேண்டாம் என்பேன், அதுவும் கறுப்பு வெள்ளையிலேயே வளர்ந்தவளாக. எங்கள் ஊரில்தான் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது, 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம். அங்கே தயாரான 'இந்து' ஃபிலிமில்தான் என் அப்பா எங்களையெல்லாம் எடுத்தார். கிடைத்தது அது, கைக்கு எட்டும் விலையும் அது.

பலகைக்குக் கறுப்பு வெள்ளை ஆபத்து. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறமாக்கினால் இரண்டும் ஒரே அழுத்தத்தில் வந்து எழுத்தே காணாமல் போகலாம். எழுதியவர் நிறத்தை நம்பி எழுதியிருக்கிறார், அதைப் பிடுங்கக் கூடாது. மங்கலும் ஒரு தகவல்தான். கடைக் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிய அச்சுச் சுவரொட்டி நாளாக நாளாக நீலம் பாரித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் செவ்வூதாவும் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் தங்கும்.

மதுரை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-இல் சென்னை மாகாண அரசுக்காக மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் எடுத்திருப்பதைப் பாருங்கள். பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். தமிழ் எழுத்தைப் படமெடுக்கும் வேலை நம் மண்ணில் அவ்வளவு பழையது. அவரிடம் இருந்தவை மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ்கள். நம்மிடம் பைக்குள் கேமரா இருந்தும் 'முழுவதும் வரவில்லை' என்று புலம்புகிறோம். நீளமான மண்டிப் பலகைக்கு அவர் வழியே நல்ல வழி: தெருவோடு பக்கவாட்டில் நடந்துகொண்டே, ஒவ்வொரு பகுதியையும் நேர் எதிரில் நின்று எடுத்துச் சேர்ப்பது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி எடுக்கும் பனோரமா பலகையை வளைத்துவிடும்.

அரைநிழல்:

டிரைப்பின் கல்வெட்டுப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கல்வெட்டு என்பது பள்ளம். பக்கவாட்டு வெயில் பட்டால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். எனாமல் பலகை தட்டையானது, மேலும் பளபளக்கும். அதற்கு நேர் வெயில் ஆகாது. திறந்த நிழல் போதும், அதாவது வெயில் நேராகப் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் விழும் நிழல். எழுத்து ஒன்றை மட்டும் நெருக்கி எடுக்கும்போது, தூரிகை விட்ட மேடு தெரிய வேண்டும் என்றால், சாய்வு வெயில் வரட்டும்.

உங்கள் ஊரில் தெருப் பெயரிலேயே திசை இருக்கிறது, இதைவிட வசதி வேறு எங்கும் கிடையாது. கீழ மாசி, மேல மாசி வீதிகள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. அவற்றின் மேற்குச்சாரிக் கடைகள் கிழக்கு பார்த்தவை. காலை முழுக்க வெயில் முகத்தில் அடிக்கும், மாலையில் நிழலில் இருக்கும். நிறம் வேண்டும் என்றால் மாலையில் போங்கள். எதிர்ச்சாரிக்குக் காலை. தெற்கு மாசியிலும் வடக்கு மாசியிலும் கணக்கு வேறு. வடக்கு பார்த்த கடைகள் வருடத்தின் பெரும்பகுதி நிழலில் இருக்கும், ஆனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதுரையில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும்.

பத்து மணிக்கு மேல் எந்தத் திசையானாலும் ஒரு தொல்லை உண்டு. மேலே இருக்கும் தகரச் சாய்ப்பின் நிழல் பலகையைப் பாதியாக வெட்டும். உங்கள் அச்சகப் படத்தில் முதல் வரி கறுப்பாகவும் இரண்டாம் வரி வெளுத்தும் இருப்பது அதனால்தான். எந்த மென்பொருளும் அதைச் சீராக்காது.

நான்மாடக்கூடல்:

குறித்துக்கொண்டேன். குறுக்கே போகும் மின்கம்பிகளையும் கேபிள் டிவி வயர்களையும் கைப்பேசியின் அழிப்பான் கருவியால் நீக்கலாமா? எதிர்ச்சாரியிலிருந்து எடுத்தால் நான்கைந்து வயர் கட்டாயம் குறுக்கே வரும்.

வைகைக்கரை:

தாராளமாக நீக்குங்கள். மலைச்சாரல் சொன்ன அதே டிரைப், நெகட்டிவில் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்தவர் என்று படித்திருக்கிறேன். அந்தக் காகித நெகட்டிவ்களில் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடுமாம். 1858-இல் அவர் மேகம் சேர்க்கலாம், நாம் வயரை எடுக்கக் கூடாதா?

மலைச்சாரல்:

மேகம் சேர்த்தது உண்மை. கல்வெட்டில் ஓர் எழுத்தைச் சேர்த்தாரா? அழிப்பான் கருவி வயருக்குப் பின்னால் இருந்த எழுத்தைத் தானாக ஊகித்து நிரப்பும். ஆங்கில எழுத்திலேயே அது தடுமாறும். தமிழில் 'ள'வை என்னவாக்கும் என்று யாருக்குத் தெரியும். வானத்தில் ஓடும் வயரை எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தின் மேல் ஓடுவதைத் தொடாதீர்கள்.

கட்டமும்கோடும்:

இதில் நான் வைகைக்கரை பக்கம். இவர் தொல்லியல் துறைக்கு ஆவணம் சேர்க்கவில்லை, ஆசைக்குப் படமெடுக்கிறார். மாற்றாத மூலப் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டுவதற்கு வயர் இல்லாத ஒன்றைச் செய்துகொள்ளட்டுமே.

மலைச்சாரல்:

மூலத்தைத் தனியாக வைப்பார் என்று சொல்வீர்கள். கைப்பேசி மாற்றும்போது எது மிஞ்சும் என்பதைப் பார்த்தவள் நான். உடன்படவில்லை.

பழைய தூரிகை:

வயர் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். என் குறை வேறு. தம்பி எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வலது கீழ் மூலை வெட்டுப்பட்டிருக்கிறது. எழுதியவர் பெயர் போடும் இடம் அது. கடைப் பெயருக்கு ஓர் அடி எழுத்து என்றால் எங்களுக்கு ஒரு விரற்கடை. ஊர்ப் பெயரும் இருக்கும், சிலர் இனிஷியல் மட்டும் போடுவார்கள். அதை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் புகழ்வது நியாயமில்லை. முழுப் பலகை ஒன்று, மூலை மட்டும் நெருக்கமாக ஒன்று என்று எடுங்கள்.

நான்மாடக்கூடல்:

கட்டாயம் எடுக்கிறேன் ஐயா. பூட்டுக் கடைப் படத்தில் மட்டும் மூலை முழுதாக வந்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு எழுத்தும் ஊர்ப் பெயரும் தெரிகின்றன. இன்னொரு நடைமுறைச் சிக்கல். எதிர்ச்சாரியில் நின்று நிதானமாக எடுக்க ஆரம்பித்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து எதற்கு என்று கேட்கிறார்கள். ஜி.எஸ்.டி. ஆள் என்று ஒருவர், மாநகராட்சி என்று இன்னொருவர். வீதியை அகலப்படுத்தப் போகிறார்களா என்றுகூட ஒருவர் கேட்டார்.

பழைய தூரிகை:

கேமராவை எடுக்கும் முன்பே கடைக்குள் போய் 'இந்த போர்டு யார் எழுதினது?' என்று கேளுங்கள். வரி ஆள் அதைக் கேட்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். பெரியவர் கல்லாவில் இருந்தால் எழுதியவர் பெயர், எந்த வருடம், எவ்வளவு கூலி, அவரோடு என்ன தகராறு என்று எல்லாம் சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மண்டிப் பக்கம் மட்டும் சரக்கு இறக்கும் நேரத்தில் போகாதீர்கள். லாரி குறுக்கே நிற்கும், எதிர்ச்சாரியிலிருந்து தார்ப்பாய்தான் தெரியும்.